மூணு நாள் ஹாக்கி அசெஸ்மென்ட் கேம்ப், 18 ஆயிரம் ரூபா: கோத்தகிரி டீம்காரன் ரிவ்யூ

மொதல்லயே சொல்லிடறேன், நான் கோச் கிடையாது. கோத்தகிரி பக்கம் ஒரு சின்ன ஹாக்கி டீமுக்கு கணக்கு வழக்கு பாக்குறவன், ஒரு காலத்துல ரைட் இன், அதாவது வலது பக்க ஃபார்வர்டு ஆடிட்டிருந்தேன், இப்ப முட்டி ஒத்து வரல. மலைக்கு கீழ இருந்து வர்ற ஒரு ஸ்போர்ட்ஸ் சர்வீஸ் இருக்கு, பேர் வேண்டாம், "உங்க ஊர் பசங்கள நாங்களே வந்து டெஸ்ட் பண்ணி, யாரு எந்த பொசிஷனுக்கு சரியா வருவான், யாரு பெரிய பிளேயரா வருவான்னு ரிப்போர்ட் தர்றோம்"னு நோட்டீஸ் போட்டிருந்தாங்க. 18 ஆயிரம் ரூபா, மூணு நாள், 25 பசங்க வரைக்கும். பசங்ககிட்ட தலைக்கு 300 வாங்கி மீதிய பழைய பிளேயருங்க ஆளுக்கு கொஞ்சம் போட்டு, 12 ஆயிரம் அட்வான்ஸ் கட்டி ஏப்ரல் கடைசில வரவச்சோம். இந்த மாதிரி சர்வீஸ எடுக்கலாமா வேண்டாமான்னு நாலஞ்சு பேர் கேட்டுட்டே இருக்காங்க, ஒவ்வொருத்தருக்கா போன்ல சொல்லி வாய் வலிக்குது, அதான் ஒரேடியா எழுதிடறேன்.

எதுக்கு இத பண்ணோம்ங்கறத சொன்னாத்தான் மத்தது புரியும். எங்க டீமு இப்ப ரொம்ப மோசமான நெலமைல இருக்கு. லிஸ்ட்ல இருக்கறது 14 பேர், அதுல 30 வயசுக்கு கீழ நாலே பேர். கோல்கீப்பர் அண்ணனுக்கு 41 வயசு, குனிஞ்சா நிமிரறதுக்குள்ள பால் உள்ள போயிருது. கோலுக்கு முன்னாடி நின்னு தடுக்கற ரெண்டு ஃபுல் பேக்ல ஒருத்தன் திருப்பூர்ல பனியன் கம்பெனிக்கு போயிட்டான், இன்னொருத்தன் ஆர்மிக்கு. சென்டர் ஹாஃப் டூரிஸ்ட் வண்டி ஓட்டுறாரு, அதனால ஏப்ரல் மே சீசன் வந்தா ஆளே கெடைக்க மாட்டாரு, தொட்டபெட்டா கோடநாடு கேத்தரின் ஃபால்ஸ்னு சுத்திட்டிருப்பாரு. அவர கொற சொல்ல முடியாது, வருஷ வருமானத்துல பாதி அந்த ரெண்டு மாசத்துல தான். ஆனா டோர்னமென்ட்டும் லீவுல தானே வெப்பாங்க. சரி, பழைய ஆளுங்கள நம்பி பிரயோஜனமில்ல, 12ல இருந்து 16 வயசு பசங்க இருக்காங்க, அவங்கள்ல யாருன்னு பாத்து அஞ்சு வருஷத்துக்கு ஒரு டீம் கட்டலாம்னு முடிவு பண்ணோம்.

கேம்ப் தொடங்குன விதமே காமெடி. காலைல 8 மணிக்கு வர்றதா சொன்னவங்க பத்தே முக்காலுக்கு வந்தாங்க. இ-பாஸ் எடுக்காம ஏறி வந்து குஞ்சப்பனை செக்போஸ்ட்ல நின்னு மொபைல்ல எடுத்திருக்காங்க, அது போக வண்டில ரெண்டு கேஸ் பிளாஸ்டிக் தண்ணி பாட்டில், அதையும் எறக்கி வச்சுட்டாங்க. மலைக்கு வர்றவங்களுக்கு இது கூடவா தெரியாதுன்னு கேட்டா, "எங்க ஆபீஸ்ல சொல்லவேயில்ல சார்"ங்கறாங்க. நாலு பேர் வந்திருந்தாங்க, மூணு பேர் சின்ன பசங்க, டிராக் சூட், கழுத்துல விசில், கைல டேப்லெட். நாலாவது ஆளு ஒரு பெரியவரு, 60 வயசு இருக்கும், பழைய ஃபுல் பேக்காம், ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு ஒரு ஓரமா ஒக்காந்திருந்தாரு. அவர பத்தி அப்பறம் வர்றேன், இந்த ரிவ்யூல நல்லதுன்னு நான் சொல்லப்போறது முக்கால்வாசி அவர பத்தி தான்.

எங்க கிரவுண்ட பத்தியும் சொல்லணும். ரூல் புக்படி ஹாக்கி கிரவுண்டு 91.4 மீட்டர் நீளம், 55 மீட்டர் அகலம். எங்களுது நீளம் 80 கூட வராது, ஒரு பக்கம் தேயிலை, ஒரு பக்கம் சரிவு. மேல இருக்கற கோல் போஸ்ட்டுக்கும் கீழ இருக்கறதுக்கும் ஒரு ஆள் ஒசரம் வித்தியாசம் இருக்கும். சுத்த மண்ணு, ஜல்லி வேற. செயற்கை புல் விரிச்ச டர்ஃப எங்க பசங்க டிவில தான் பாத்திருக்காங்க. 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்ஸ்ல மொத தடவையா செயற்கை டர்ஃப்ல ஹாக்கி ஆடுனப்போ இந்தியா ஏழாவதா வந்துச்சு, அதுக்கு முன்னாடி வரைக்கும் ஒலிம்பிக் ஹாக்கில மெடல் இல்லாம திரும்பி வந்ததே கிடையாது. தரை மாறுனா ஆட்டமே மாறும், அம்புட்டு தான். அப்படி இருக்கறப்போ டர்ஃப்க்கு போட்ட மார்க் சார்ட்ட தூக்கிட்டு வந்து ஜல்லி கிரவுண்ட்ல வச்சு பாலை ட்ராப் பண்ண, அதாவது வர்ற பாலை ஸ்டிக்குல நிறுத்த சொல்லி பத்துக்கு மார்க் போட்டா எப்படிங்க? பால் கல்லுல பட்டு மொழங்கால் ஒசரத்துக்கு எகிறுது, பையன் என்ன பண்ணுவான்? கேம்ப்புக்கு வந்த 23 பசங்கள்ல ட்ராப்பிங்ல ஆறுக்கு மேல வாங்குனவன் ரெண்டே பேர்.

டெஸ்ட்டுன்னு பாத்தா 30 மீட்டர் ஓட்டம், யோ-யோ (பீப் சத்தத்துக்கு ஏத்த மாதிரி போயிட்டு திரும்பி ஓடற தம் டெஸ்ட்டு), கோனு சுத்தி டிரிப்ளிங், புஷ் அடிச்சு குறி வெக்கறது, ட்ராப், ஒத்தைக்கு ஒத்தை, கடைசில அஞ்சுக்கு அஞ்சு சின்ன மேட்ச். எல்லாத்தையும் டேப்லெட்ல ஏத்தறாங்க. பாக்க ஜோரா தான் இருந்துச்சு, பசங்களுக்கும் செம குஷி, நம்மள ஒருத்தர் டைம் பாக்கறாங்கன்னதும் நெஞ்ச நிமித்திட்டு ஓடறாங்க.

ஆனா 30 மீட்டர் ஓட்டத்துல என்ன ஆச்சு தெரியுமா. மொத நாள் 12 பசங்கள மேல இருந்து கீழ ஓட விட்டாங்க. ரெண்டாவது நாள் காலைல மீதி 11 பேர ஓட விடலாம்னு போனா, கீழ் போஸ்ட்டுகிட்ட ஒரு காட்டெருமை நிக்குது. நமக்கு புதுசில்ல, வாரத்துக்கு ரெண்டு தடவை வரும், அதுபாட்டுக்கு மேஞ்சுட்டு போகும். வந்தவங்க மூணு பேரும் வண்டிக்குள்ள ஏறி கண்ணாடிய ஏத்திக்கிட்டாங்க. 40 நிமிஷம். அது கொஞ்சம் ஒதுங்குனதும் கோனையெல்லாம் எடுத்து மேல் போஸ்ட்டு பக்கம் வச்சு, அதுகிட்ட இருந்து தள்ளி ஓடணும்னு கீழ இருந்து மேல ஓட விட்டாங்க. அதாவது 12 பேரு எறக்கத்துல, 11 பேரு ஏத்தத்துல. ரெண்டையும் ஒரே லிஸ்ட்ல போட்டு "வேகம்"னு மார்க் குடுத்திருக்காங்க! ரிப்போர்ட்ல வேகத்துல கடைசி எட்டு எடத்துல ஏழு பேரு ரெண்டாவது நாள் ஓடுனவங்க. போன் பண்ணி கேட்டதுக்கு "அவ்வளவு வித்தியாசம் வராது சார்"னு சொல்றாங்க. நீங்களே ஓடிப் பாருங்க தம்பின்னு சொல்லலாம்னு பாத்தேன், யோ-யோ டெமோ காட்டுனப்பவே அந்த தம்பிக்கு மூச்சு வாங்கி ஒக்காந்துட்டாரு, 1,800 மீட்டர் ஒசரம் கீழ இருந்து வந்த நுரையீரலுக்கு மரியாதை குடுக்காதுல்ல.

அடுத்தது வயசு. இது தான் எனக்கு ரொம்ப ஆத்திரம். 12 வயசு பையனையும் 15 வயசு பையனையும் ஒரே ராங்க் லிஸ்ட்ல போட்டுட்டாங்க. சரி அத கூட விடுங்க, ஒரே வருஷத்துல பொறந்தவங்கள்லயே ஜனவரில பொறந்தவனுக்கும் டிசம்பர்ல பொறந்தவனுக்கும் கிட்டத்தட்ட ஒரு வயசு வித்தியாசம். அந்த வயசுல ஒரு வருஷம்ங்கறது நாலு விரல் ஒசரம், கூடுதலா தொடைல சதை. கனடாவுல ஐஸ் ஹாக்கி பசங்கள வச்சு 1985லயே பார்ன்ஸ்லின்னு ஒரு ஆராய்ச்சியாளர் இத எழுதியிருக்காரு, அங்க செலக்ட் ஆகறவங்கள்ல வருஷத்தோட மொத மாசங்கள்ல பொறந்தவங்க தான் கூட்டமா இருந்தாங்க. அப்படின்னா தெறமைய பாத்து எடுத்தாங்களா, பொறந்த மாசத்த பாத்து எடுத்தாங்களா? எங்க ரிப்போர்ட்ல மொத அஞ்சு பேர எடுத்து ஆதார்ல தேதி பாத்தேன், நாலு பேர் ஜனவரில இருந்து ஏப்ரலுக்குள்ள. 23 பேர வச்சு பெருசா ஒண்ணும் சொல்ல முடியாது தான், ஆனா எனக்கு சிரிப்பு வந்துருச்சு.

இத டொரோண்டோல இருக்கற மச்சான்கிட்ட சொன்னேன். அவன் அங்க போயி ஐஸ் ஹாக்கி பைத்தியமாயிட்டான், அங்க இருக்கற பெரிய ஐஸ் ஹாக்கி லீக்கு என்எச்எல், அதோட டிராஃப்ட் வந்தா தூங்க மாட்டான். 32 டீமும் 18 வயசு பசங்கள வரிசையா பேர் சொல்லி எடுப்பாங்களாம், ஏழு ரவுண்டு. ஒவ்வொரு டீமுக்கும் ஊர் ஊரா சுத்தி பசங்கள பாக்கறதுக்குன்னே சம்பளத்துக்கு ஆளுங்க. அப்படியிருந்தும் எத்தனை தடவை தப்பாகுதுன்னு அவன் சொன்னான். 1993ல ஒட்டாவா மொதலாவதா எடுத்த அலெக்சாந்த்ர் டெய்க்ல் எதிர்பாத்த அளவுக்கு வரவேயில்ல, ரெண்டாவதா போன கிரிஸ் ப்ராங்கர் ஹால் ஆஃப் ஃபேம் வரைக்கும் போயிட்டாரு. டெட்ராய்ட் 1998ல 171வதா எடுத்த டாட்சுக், 1999ல 210வதா எடுத்த ஸெட்டர்பெர்க், ரெண்டு பேரும் அந்த டீமுக்கு கப்பு வாங்கி குடுத்தவங்க. கோல்கீப்பர் லண்ட்க்விஸ்ட்ட 2000ல 205வது எடத்துல தான் எடுத்தாங்களாம். கோடிக்கணக்குல செலவு பண்றவனுக்கே கண்ணு தப்புது, இவங்க மூணு நாள்ல டேப்லெட்ட தட்டி "நேஷனல் லெவல் பொட்டென்ஷியல்"னு சர்ட்டிபிகேட் குடுத்துட்டு போறாங்க. மச்சான் இன்னொண்ணும் சொன்னான், அங்க டீம புதுசா கட்டணும்னா கடைசி எடத்துக்கு போனா டிராஃப்ட் லாட்டரில முன்னாடி எடம் கெடைக்க சான்ஸ் ஜாஸ்திங்கறதால சில டீமு வேணும்னே மொக்கையா ஆடுதுன்னு பேச்சு வருமாம். எங்க டீமு எந்த லாட்டரியும் இல்லாமலேயே தோத்துட்டிருக்கு மச்சான்னேன்.

இப்ப கோல்கீப்பர் விஷயத்துக்கு வர்றேன், ஏன்னா எங்களுக்கு மொத தேவையே அது தான். நோட்டீஸ்ல கொட்டை எழுத்துல "கோல்கீப்பிங் ஸ்பெஷலிஸ்ட்"னு போட்டிருந்தாங்க. வந்த நாலு பேர்ல யாருமே கீப்பர் இல்ல. ஸ்பெஷலிஸ்ட் வேற கேம்ப்ல இருக்காராம். கீப்பருக்கு நிக்க ஆசப்பட்ட மூணு பசங்களுக்கு என்ன டெஸ்ட் வச்சாங்கன்னா, அதே 30 மீட்டர், அதே யோ-யோ, அதே கோன் டிரிப்ளிங். கீப்பரு எதுக்குங்க டிரிப்ளிங் பண்ணனும்? பேடு கட்டி ஒரு பால் கூட அடிச்சு பாக்கல. எங்ககிட்ட இருக்கற பேடு 41 வயசு அண்ணனோடது, பசங்களுக்கு இடுப்பு வரைக்கும் வரும், அது எங்க தப்பு தான், ஒத்துக்கறேன். ஆனா டென்னிஸ் பால வச்சாவது கைய பாத்திருக்கலாம்ல.

2025 கடைசில சென்னைலயும் மதுரைலயும் ஜூனியர் உலகக் கோப்பை நடந்துச்சே, 24 டீம், அதுல பெல்ஜியம் கூட கால் இறுதிய எங்க பசங்க எல்லாரும் டீக்கடை டிவில ஒக்காந்து பாத்தோம். 2-2ன்னு முடிஞ்சு ஷூட் அவுட். அன்னைக்கு பிரின்ஸ்தீப் சிங் கோல்ல நிக்கலன்னா இந்தியா செமிக்கே போயிருக்காது. அப்பறம் செமில ஜெர்மனிகிட்ட அடி வாங்கி, மூணாவது எடத்துக்கு அர்ஜென்டினா கூட 0-2ல இருந்து 4-2ன்னு ஜெயிச்சு வெண்கலம். அந்த டீமுக்கு கோச்சு யாரு, ஸ்ரீஜேஷ். அவரு 12 வயசுல திருவனந்தபுரம் ஜி.வி.ராஜா ஸ்போர்ட்ஸ் ஸ்கூல்ல சேந்தப்ப ஓட்டம், லாங் ஜம்ப், வாலிபால்னு சுத்திட்டிருந்தவரு, அங்க இருந்த கோச் தான் கோல்கீப்பரா நில்லுன்னு சொன்னது. அப்பறம் டோக்கியோலயும் பாரிஸ்லயும் ஒலிம்பிக் வெண்கலம். அந்த கோச் அன்னைக்கு யோ-யோ மார்க்க பாத்தா சொல்லியிருப்பாரு? எங்க மூணு பேர்லயும் ஒருத்தன் ஸ்கூல் வாலிபால் டீம்ல இருக்கறவன், எவ்வளவு வேகமா வந்தாலும் கண்ண மூடாம பால பாக்கறான். ரிப்போர்ட்ல அவனுக்கு 3.8. "ஹாக்கிக்கு ஏற்றவர் அல்ல" அப்படின்னு அச்சடிச்சு குடுத்திருக்காங்க, அவங்கம்மா அத படிச்சுட்டு ஸ்டிக்க வித்துரலாமான்னு கேக்கறாங்க.

ஸ்டிக்குன்னதும் ஞாபகம் வருது. மத்தியானம் சாப்பாட்டுக்கப்பறம் வண்டி டிக்கிய தொறந்து கடை போட்டுட்டாங்க. 90 சதவீதம் கார்பன் ஸ்டிக்காம், 12 வயசு பையனுக்கு. கார்பன் ஜாஸ்தியா இருந்தா ஸ்டிக்கு விறைப்பா இருக்கும், அடிச்சா பால் பறக்கும், ஆனா ட்ராப் பண்றப்போ பால் தெறிச்சு ஓடும், கைக்கு ஒரு அதிர்ச்சி வரும். ட்ராப்பே வராத பையனுக்கு அத குடுத்தா இருக்கற கொஞ்ச நஞ்ச டச்சும் போயிரும். பசங்களுக்கு கார்பன் கம்மியான ஃபைபரோ இல்ல மரமோ போதும், நீளம் இடுப்பெலும்பு வரைக்கும் வந்தா சரி. மூணு வீட்டுல கடன் வாங்கி வாங்கிட்டாங்க. அந்த ஒரு மணி நேரம் கேம்ப் டைம்ல கழிஞ்சது, நீட்டிக்கவும் மாட்டேன்னுட்டாங்க. மூணு மணிக்கு மேல மூடுபனி எறங்கிருச்சு, இந்த போஸ்ட்ல இருந்து அந்த போஸ்ட் தெரியல, வெள்ள பால வச்சுக்கிட்டு தேடறாங்க. நாங்க எப்பவும் ஆரஞ்சு பால் தான் வச்சுக்குவோம், கேட்டிருந்தா சொல்லியிருப்போம்.

இதுல இன்னொரு கூத்து, கட்டாயம் சொல்லணும். 13 வயசு பையன் ஒருத்தன் டிராக் ஃப்ளிக், அதாவது பால ஸ்டிக்கால இழுத்து வீசறது, பண்ண ஆசப்பட்டான். கோலுக்கு முன்னாடி இருக்கற அரைவட்டம் தான் டி, அதுக்குள்ள தப்பு பண்ணா எதிராளிக்கு பெனால்டி கார்னர், கோல் லைன்ல இருந்து பால தள்ளி விட்டு டி-க்கு வெளிய நிறுத்தி அடிப்பாங்க. அந்த பெனால்டி கார்னர்ல ஹிட் அடிச்சா போஸ்ட்டு அடிப்பலகை ஒசரம், அதாவது 46 சென்டிமீட்டருக்கு மேல போகக்கூடாது, ஃப்ளிக்குன்னா மேல தூக்கலாம், அதனால தான் எல்லாருக்கும் அது மேல கண்ணு. வீடியோ நல்லா வருதுன்னு அவன 40 தடவைக்கு மேல ஃப்ளிக் பண்ண வச்சாங்க. நான் எண்ணிட்டே இருந்தேன், 40க்கு அப்பறம் போய் நிறுத்த சொன்னேன். இடுப்ப முறுக்கி குனிஞ்சு இழுக்கற வேல அது, முதுகு கீழ் எலும்புக்கு ரொம்ப பாரம், வளர்ற பையனுக்கு வாரத்துக்கு எத்தனைன்னு எண்ணி தான் குடுக்கணும். அடுத்த நாள் அவன் குனிஞ்சு ஷூ லேஸ் கட்ட முடியல, அவங்கக்கா தான் கட்டி விட்டுச்சு. இப்ப பரவால்ல, ஆனா ஒரு வாரம் பயந்துட்டோம்.

சரி, நல்லத சொல்றேன்.

மூணாவது நாள் சாயந்திரம், அந்த மூணு பசங்க ட்ரோன் பறக்க விட்டு ரீல்ஸ் எடுத்துட்டிருந்தாங்க. பெரியவரு குளுருதுன்னு டீ குடிக்கலாமான்னாரு. பஸ் ஸ்டாண்டு பக்கத்து கடைல நானும் 41 வயசு அண்ணனும் அவரும் ஒக்காந்தோம். ஒரு தட்டு வர்க்கி, நம்ம ஊரு மொறுமொறு பிஸ்கட்டு, வந்துச்சு. அவரு சாப்பிடாம ஒவ்வொண்ணா எடுத்து மேஜைல அடுக்குனாரு. "உங்க டீம் லிஸ்ட்ட சொல்லுங்க"ன்னாரு. நான் சொல்ல சொல்ல ஒரு வர்க்கி வெப்பாரு, 30 தாண்டுனவன்னா பாதிய உடைச்சுட்டு வெப்பாரு. சீசனுக்கு வரமாட்டான்னா ஓரத்துல தள்ளிருவாரு. டீ கிளாஸ் தான் கோல்கீப்பர். முடிக்கறப்போ பாத்தா முன்னாடி நாலு முழு வர்க்கி, நடுவுல ஒண்ணுமில்ல, பின்னாடி தூளா கெடக்கு, இடது பக்கம் மேஜை காலியா இருக்கு. எனக்கு தொண்டைய அடைச்சுது, இத்தன வருஷமா நான் தானே லிஸ்ட் எழுதறேன், ஒரு தடவை கூட இப்படி பாத்ததில்ல.

"நாலு ஃபார்வர்டு இருக்கு, இன்னும் ஃபார்வர்டு தேடிட்டு இருக்கீங்க"ன்னாரு. அவங்க ரிப்போர்ட்லயே 23 பேர்ல 9 பேருக்கு ஸ்ட்ரைக்கர்னு தான் போட்டிருக்கு, ஏன்னா அவங்க வெச்ச டெஸ்ட்டெல்லாம் ஸ்ட்ரைக்கர் டெஸ்ட்டு. எங்களுக்கு கோல் அடிக்க ஆளில்லன்னு நாங்க நெனச்சுட்டு இருந்தோம். போன சீசன் கதைய கேட்டு கேட்டு அவரு பிரிச்சு சொன்னாரு: பாதி கோலுக்கு மேல பெனால்டி கார்னர்ல வாங்கியிருக்கோம், அந்த கார்னரெல்லாம் எதுனால குடுத்தோம்னா இடது பக்கத்துல இருந்து உள்ள வந்தவன டி-க்குள்ள வச்சு கால்ல தடுத்து. நடு வரிசைல இடது பக்கத்த பாத்துக்கற லெஃப்ட் ஹாஃப் இல்லாததோட வினை. ஹாக்கில இடது கை ஸ்டிக்குங்கறதே கிடையாது, எல்லாரும் வலது கை தான். எதிராளியோட ரைட் விங்கு லைன ஒட்டி வர்றப்போ பால் அவனுக்கு வலது பக்கம் இருக்கும், நம்ம லெஃப்ட் ஹாஃப்க்கு அது ரிவர்ஸ் பக்கம், அதாவது ஸ்டிக்க திருப்பி ஆட வேண்டிய இடது பக்கம். அதனால அந்த எடத்துக்கு ரிவர்ஸ்ல டேக்கிள் வரணும், பால் கெடச்சா கால திருப்பி வலது பக்கம் நடுவுக்கு தள்ள தெரியணும், எல்லாத்துக்கும் மேல அவசரப்படக்கூடாது. வேகம் இருக்கறவனெல்லாம் ஓடிப்போயி விழுவான், லெஃப்ட் ஹாஃப் ஓடாம ஓரத்துக்கு தள்ளிட்டு போகணும்னாரு. எங்களுக்கு கெடச்ச கார்னர்ல ஏன் ஒண்ணும் உள்ள போகலன்னு கேட்டேன். "ஃப்ளிக் அடிக்கறவன தேடறீங்க, பால நிறுத்தறவன் யாரு?"ன்னாரு. ஆளே இல்ல. இந்த ஜல்லில டி வெளிய பால நிறுத்தறது தான் கஷ்டமான வேல, அத எவனும் ஆசப்பட்டு கத்துக்க மாட்டான்.

அப்பறம் தான் அவரு ஒரு சின்ன பையன பத்தி பேசுனாரு. டீ பேக்டரி பாய்லர்ல வேல பாக்கற ஒரு அண்ணனோட மகன், 13 வயசு, நவம்பர்ல பொறந்தவன், 23 பேர்ல குட்டை. ரிப்போர்ட்ல 4.2, ராங்க் 19. "அவன் கழுத்த பாத்தீங்களா"ன்னாரு. நான் பாக்கல. அடுத்த ஞாயித்துக்கிழமை கிரவுண்டு மேட்டுல ஒக்காந்து வேலையா எண்ணுனேன். பத்து நிமிஷம் அஞ்சுக்கு அஞ்சு. அவன்கிட்ட 11 தடவை பால் வந்துச்சு, அதுல எட்டு தடவை பால் வந்து சேர்றதுக்கு முன்னாடியே தலைய திருப்பி பின்னாடி யாரு நிக்கறாங்கன்னு பாத்துட்டான். அதனால பால் வந்ததும் நின்னு யோசிக்கறதில்ல, ஒரே தட்டு, போயிருது. ரிப்போர்ட்ல மொத எடம் வாங்குன பையன எண்ணுனேன். ஒரு தடவை பாத்தான், அதுவும் யாரோ அவன் பேர கூப்பிட்டதுக்கு. அவன் மோசம்னு சொல்லல, அவன் காலு சூப்பர் காலு, ஆனா தலைய திருப்பறதுக்கு டேப்லெட்ல கட்டமே இல்ல.

பெரியவரு சொன்ன இன்னொண்ணு எனக்கு மனசுல ஒட்டிக்கிச்சு. 14 வயசு பையன வச்சு கணக்கு போடறீங்க, பன்னண்டாவது முடிச்சதும் கோயம்புத்தூர் காலேஜுக்கு போயிருவான், அப்பறம் வேல, அப்ப உங்க அஞ்சு வருஷ டீமு எங்கன்னாரு. அதனால இப்பவே ஆட 18, 20 வயசுல உள்ளூர்லயே தொழில் இருக்கற ரெண்டு மூணு பேர், ஒரு ஃபுல் பேக்கு ஒரு லெஃப்ட் ஹாஃபு கட்டாயம், அவங்கள தேடி பிடிங்க, சின்ன பசங்கள மேட்ச்சுக்கு ரெண்டு பேருக்கு மேல எறக்காதீங்க, ஒரேயடியா எறக்குனா பத்து கோல் வாங்கி ஸ்டிக்க தூக்கி போட்டுருவாங்கன்னாரு. 41 வயசு அண்ணன பாத்து, "நீங்க இன்னும் ஒரு வருஷம் பேடு கட்டணும், அந்த வாலிபால் பையன போஸ்ட்டுக்கு பின்னாடி நிக்க வெச்சு கத்துக்குடுங்க"ன்னாரு. அண்ணன் ரிட்டையர் ஆகற முடிவுல தான் டீக்கடைக்கே வந்தாரு. ஒண்ணும் பேசல, அந்த உடைஞ்ச வர்க்கிய எடுத்து டீல தொட்டு சாப்பிட்டுட்டாரு.

இந்த முக்கால் மணி நேரம் தான் எனக்கு 18 ஆயிரத்துக்கு கெடச்சது, ஆனா இது பேக்கேஜ்ல இல்லவே இல்ல. ரிப்போர்ட்ல அவரு பேர் கூட கிடையாது, "சீனியர் அப்சர்வர்"னு ஒரு வரி. அவங்க ஆபீஸ்ல பேசுனப்போ அவர தனியா அனுப்ப முடியுமான்னு கேட்டேன், அப்படி ஒரு பிளானே எங்ககிட்ட இல்ல சார்ங்கறாங்க. ட்ரோன் வீடியோ வேணும்னா எக்ஸ்ட்ரா 2,000ல பண்ணித்தர்றாங்களாம்.

எடுக்கலாமான்னு கேக்கறவங்களுக்கு: உங்க ஊர்ல சமமான கிரவுண்டு இருந்து, ஒரே வயசு பசங்களா இருந்து, பசங்களுக்கு ஒரு குஷிக்காகன்னா தாராளமா எடுங்க. எங்க பசங்க ரிப்போர்ட்ட லேமினேட் பண்ணி வீட்டுல மாட்டியிருக்காங்க, முன்னாடி ஞாயித்துக்கிழமை பத்து பேர் வந்தாலே பெருசு, இப்ப 23 பேரும் ஏழு மணிக்கே வந்து நிக்கறாங்க, அந்த பெருமைய நான் மறைக்கல. கோவில்பட்டில பயிற்சி எடுத்த மாரீஸ்வரனும் கார்த்தி செல்வமும் 2022 ஆசிய கோப்பைல இந்தியாவுக்கு எறங்குனதுல இருந்து அங்க எத்தன பசங்க ஸ்டிக்க தூக்கியிருப்பாங்க, ஊருக்கு ஒரு சூடு வேணும்ல. ஆனா அங்க அந்த சூட்டுக்கு பின்னாடி தலைமுறை தலைமுறையா கிரவுண்டு ஓரத்துல நின்னு பாத்துட்டே இருக்கற பெருசுங்க இருக்காங்க. டீம் கட்ட ஆள் தேடறவங்க, மொதல்ல உங்க லிஸ்ட்ட மேஜைல அடுக்கி எங்க காலியா இருக்குன்னு பாத்துட்டு அப்பறமா போன் பண்ணுங்க. அட்வான்ஸ் கட்டறதுக்கு முன்னாடி கீப்பிங் கோச் பேர கேளுங்க, வயசு வாரியா லிஸ்ட் தருவீங்களான்னு எழுத்துல வாங்குங்க, டிக்கில ஸ்டிக் கடை இருக்கான்னும் கேட்டுக்கோங்க. அஞ்சுக்கு ரெண்டு ஸ்டார் குடுக்கறேன், அந்த ரெண்டும் ஸ்வெட்டர் போட்டவருக்கு.

பாக்கி 6 ஆயிரம் இன்னும் எங்ககிட்ட தான் இருக்கு. ஏத்தத்துல ஓடுன 11 பேரோட வேக மார்க்க எடுத்துட்டு, வாலிபால் பையன் ரிப்போர்ட்ல அந்த "ஏற்றவர் அல்ல"ங்கறத அடிச்சுட்டு புது பிரின்ட் அனுப்புங்க, அன்னைக்கே ஜிபே பண்றேன்னு மெசேஜ் போட்டு ரெண்டு வாரம் ஆச்சு. ரெண்டு நீல டிக் விழுந்துருக்கு, பதில் தான் இல்ல. அந்த பையன் இப்ப அண்ணனோட பேட இடுப்புல கயிறு போட்டு கட்டிக்கிட்டு மேல் போஸ்ட்ல நிக்கறான்.